கால் பக்கம்

பத்திரிகையின் பினாங்குக் கிளையில்
ஓராண்டு நினைவஞ்சலிக்கு மூன்று அளவு.
வாசகங்களும் தயார்.
ஒன்றாம் எண்ணில் தெய்வம்,
இரண்டாம் எண்ணில் அணையா விளக்கு,
மூன்றாம் எண்ணில் ஆலமரம்.
"நம்பரைச் சொன்னா போதும்மா" என்கிறார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

அப்பா ஆலமரம் இல்லை.
ஐந்தடி மூன்றங்குலம்.
சட்டைப்பையில் இரண்டு பேனா.
ஒன்று எழுதாது,
அது இரவல் கேட்பவர்களுக்கு.

வே. சௌந்தரபாண்டியன்.
பினாங்குக்கு வந்துபோன கப்பல்களுக்கு
முப்பத்தொரு வருடம்
வெங்காயமும் கோழியும் கயிறும் சோப்பும் போட்டவர்.
இது கால் பக்கத்தில் அடங்கும்.

விடிகாலை மூன்றரைக்கு
ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரன்
போனில் பச்சைமிளகாய் கேட்பான்.
நாங்கள் விழித்துவிடக் கூடாதென்று
குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு
கிசுகிசுவென்று விலை பேசுவார்.
எங்களுக்கு எல்லாம் கேட்கும்,
கிலோவுக்கு இருபது காசு விட்டுக்கொடுத்தது வரை.
இதை எந்த எண்ணில் போடுவது?

கேமரன் மலைக்கு
வாழ்நாளில் ஒரே ஓர் உல்லாசப் பயணம்.
ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் எங்களை இறக்கிவிட்டு
முட்டைகோஸ் தவுக்கேயோடு ஹொக்கியனில்
இரண்டு மணி நேரம்.
திரும்பும்போது என் மடியில்
சாம்பிள் கோஸ் ஒன்று ஈரமாக உட்கார்ந்திருந்தது.
தாப்பா வரை அம்மா பேசவில்லை.
தாப்பாவில் இறங்கி அவர் வாங்கிவந்த கச்சானை
ஈப்போ வரை தொடவும் இல்லை.
அதற்குப் பிறகு
பொட்டலம் எப்போது காலியானது என்று
யாரும் பார்க்கவில்லை.

பதினாலு வயதில் நான் சொன்னேன்:
"ஸ்கூல் வாசல்ல வேனை நிறுத்தாதீங்கப்பா."
ஏன் என்று கேட்கவில்லை.
மறுநாளிலிருந்து ஒரு சந்து தள்ளி நின்றது வேன்.
டேஷ்போர்டில்
எலுமிச்சைத் தோல் காய்ந்துகொண்டிருந்தது.
வெங்காய வாடை போகவில்லை.
நானும் எதுவும் சொல்லவில்லை.
இன்றுவரை.

பணம் கொடுக்காமல் ஒரு கப்பல்
நங்கூரம் தூக்கிப் போன வருடம்தான்
அக்கா காலேஜில் சேர்ந்தாள்.
அம்மா வளையல் இரண்டையும் கழற்றி
சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.
அவர் அதை எடுக்காமல் தட்டை மட்டும் நகர்த்தி
ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்.
வேன் போய்விட்டது.
ஆறு மாதம் மோட்டார் சைக்கிளில் கோழி.
எங்களிடம், "இன்ஜின் கோளாறு.
பட்டர்வொர்த்ல ஒர்க்‌ஷாப்ல கெடக்கு."

குடோன் பலகையில் இன்னும் இருக்கிறது,
சௌந்தர் அண்ட் கோ.
கோ யாரென்று ஒரு சுங்க அதிகாரி கேட்டாராம்.
வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகும் வழி.
வண்டிக்குள் பூவும் பாவாடையுமாக
ஒருத்திமேல் ஒருத்தி நசுங்கிக் கிடந்த
எங்கள் மூவரையும் அம்மாவையும் காட்டி,
"டைரக்டருங்க" என்றாராம்.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் பொய்.
சர்க்கரை இல்லாத தே ஓ என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு
ஆ ஹொக்கோடு காயா ரொட்டி தின்றவர்.
யார் வீட்டில் பேன் ஓடினாலும் எழுந்துபோய் அணைப்பவர்.
சின்னவளின் அரங்கேற்றத்தில்
தலை சாயாமல், நிமிர்ந்தபடி,
மூன்று உருப்படி தூங்கியவர்.
கடைசியில் எழுந்து நின்று கைதட்டியதும் அவர்தான்.

"பிரிவால் வாடும்... யார் யார் பேரு?"
அம்மா, அக்கா, நான், சின்னவள், மருமக்கள், பேத்தி.
ஆ ஹொக்கையும் போடச் சொல்கிறேன்.
"சீனரா?" என்று நிமிர்கிறார்.
கருமக்கிரியைக்குக் காலை ஐந்து மணிக்கே வந்து
மதியம் வரை வெயிலில் நின்ற மனிதர்,
வேறு எந்தப் பட்டியலில் போடுவேன்?

"சரி, வாசகம்?"
வேண்டாம். படம், பெயர், தேதி.
மிச்சத்தைச் சும்மா விடுங்கள்.
"காலி இடத்துக்கும் காசு உண்டும்மா."

தெரியும்.
தோளில் மகள் தூங்குகிறாள்.
அவள் காதைக் கையால் பொத்திக்கொண்டு
குரலைத் தாழ்த்தி
விலை பேசத் தொடங்குகிறேன்.